மேசையைச் சுற்றி நடக்கச் சொன்ன மனிதர்

ரொறன்ரோவில் முதியோர் இல்லமொன்றின் குசினியில் சில ஆண்டுகள் வேலை செய்தேன். அங்கே காலைக் கஞ்சியைக் கொண்டுபோய் வைத்ததும் விரல்களால் மேசையில் தாளம் போடும் அம்மா ஒருவர் இருந்தார். அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் பிறந்தவர். என்ன தாளம் என்று ஒருநாள் கேட்டேன். சின்ன வயதில், பள்ளி விடுமுறை நாட்களில், காலை எட்டு மணிக்குத் தாயார் வானொலியைக் கூட்டி வைப்பாராம். அறிவிப்பாளர் சொன்னதும் பிள்ளைகள் எல்லோரும் எழும்பி, அணிநடை இசைக்கு ஏற்றபடி சாப்பாட்டு மேசையைச் சுற்றி நடப்பார்களாம். அந்த அறிவிப்பாளரின் பெயரைச் சொன்னபோது அவருடைய முகம் மாறிவிட்டது. டொன் மக்நீல்.

அன்றிரவு இணையத்தில் தேடி அந்தப் பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்டேன். பிறகு அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன்.

மக்நீல் 1907 டிசம்பரில் இலினோய் மாநிலத்தின் கலீனா என்ற சிற்றூரில் பிறந்தார். வளர்ந்தது விஸ்கொன்சினின் ஷெபோய்கன் நகரில். மில்வோக்கியில் யேசு சபையினரின் மார்க்கெட் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே உள்ளூர் வானொலியில் வேலை பார்த்தார். பின்னர் நண்பர் ஒருவருடன் சேர்ந்து இரண்டு பேராசிரியர்கள் என்ற பெயரில் நகைச்சுவையும் பாட்டுமாக ஒரு நிகழ்ச்சி செய்தார். அது நிலைக்கவில்லை. 1931 இல் கே என்பவரை மணந்தார். பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே குடும்பம் தொடங்கிய இளைஞருக்கு நிரந்தர வேலை இல்லை.

1933 இல் சிக்காகோவில் என்பிசி நிறுவனம் அவருக்கு ஒரு மணி நேரத்தைக் கொடுத்தது. காலை எட்டு மணிக்கு யார் வானொலி கேட்கப் போகிறார்கள் என்று எவரும் மதிக்காத நேரம் அது. விளம்பரதாரர் இல்லை. வாரச் சம்பளம் ஐம்பது டொலர். முன்பிருந்த பெயரை மாற்றி, காலைச் சாப்பாட்டுச் சங்கம் என்ற பொருள்படும் பிரேக்பாஸ்ட் கிளப் என்று புதுப்பெயர் வைத்தார். ஒரு மணி நேரத்தை நான்காகப் பிரித்தார். ஒவ்வொரு கால் மணிக்கும் சாப்பிட வாருங்கள் என்று ஓர் அழைப்பு. அத்துடன்தான் அந்த மேசை நடையும் வந்தது.

தொடக்கத்தில் ஒவ்வொரு நாளுக்கும் உரையைத் தானே எழுதினார். கொஞ்சக் காலத்தில் அதை விட்டுவிட்டு, நேயர்கள் அனுப்பும் கடிதங்களை வைத்தே நிகழ்ச்சியைக் கொண்டுபோகத் தொடங்கினார். அவருடைய வாழ்க்கையில் பெரிய முடிவு என்று நான் நினைப்பது இதைத்தான். வீட்டில் நடந்த பகிடி, பிள்ளை கேட்ட ஏடாகூடமான கேள்வி, தாங்களே கட்டிய கவிதை என்று சனங்கள் எழுதி அனுப்பினார்கள். நேரடி வாத்தியக் குழு இருந்தது, பாடகர்கள் இருந்தார்கள், விருந்தினர் வந்தார்கள். சாம் கவ்லிங் என்ற நகைச்சுவையாளர் இடையில் புகுந்து குழப்புவார். பிரான் அலிசன் என்ற நடிகை, ஊர்ப் புதினம் முழுவதையும் மூச்சு விடாமல் சொல்லும் பனி மாமியாக வருவார். எங்கள் ஒழுங்கைகளில் அப்படி ஒரு மாமி இல்லாத ஒழுங்கை உண்டா?

1944 இல், உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில், மக்நீல் இன்னொன்றைச் சேர்த்தார். பாட்டும் பகிடியும் போய்க்கொண்டிருக்கும்போதே நிறுத்தி, அவரவர் தங்கள் தங்கள் முறைப்படி உலக அமைதிக்காகத் தலை குனிந்து வேண்டிக்கொள்ளும்படி கேட்பார். அவர் கத்தோலிக்கர். ஆனால் எந்தச் சமயத்தின் செபத்தையும் சொல்ல மாட்டார். சில கணங்கள் மௌனம். பிறகு வாத்தியக் குழு மீண்டும் தொடங்கும். வானொலிக்காரர் எவருக்கும் மௌனம் என்றால் பயம். கருவி பழுதாகிவிட்டது என்று கேட்பவர் நினைத்துவிடுவார். அவர் அந்தப் பயத்தை விட்டார். பிள்ளையையோ கணவனையோ போர்முனைக்கு அனுப்பிவிட்டு, வெறும் கதிரையைப் பார்த்துக்கொண்டிருந்த வீடுகள் எத்தனையோ அந்த நேரத்தில் அதைக் கேட்டுக்கொண்டிருந்தன. போர் முடிந்த பிறகும் அவர் அதை நிறுத்தவில்லை.

இந்த இடத்தில் என் வீட்டுக் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றறி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, தம்பி கையால் பெடலைச் சுற்றுவான். டைனமோவிலிருந்து வயர் இழுத்த றேடியோவில் வெரித்தாசும் தமிழோசையும் கேட்கும். அவன் கை ஓய்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் இழுபட்டு ஓய்ந்துவிடும். அம்மா புட்டுக்கு மா குழைத்தபடி அவனை ஏசுவா. அந்த ஏச்சும் தேங்காய் துருவும் சத்தமும் செய்தியும் சேர்ந்ததுதான் எங்களுடைய வானொலி நிகழ்ச்சி. அதற்கு முந்தைய காலத்தில், இலங்கை வானொலியின் பொங்கும் பூம்புனலோடு விடிந்த காலைகளை அம்மா அடிக்கடி சொல்லுவா. எங்களுக்கு அது பழங்கதை.

2009 க்குப் பிறகு தம்பியைப் பற்றி எங்களுக்கு ஒரு தகவலும் இல்லை.

மக்நீலைக் குறை இல்லாத மனிதராக்க நான் விரும்பவில்லை. விளம்பரதாரர் வந்த பிறகு, இறைச்சி நிறுவனத்தின் புகழும் அதே இனிய குரலில்தான் ஒலித்தது. ஒவ்வொரு காலையும் சிரித்துக்கொண்டே இருக்கும் அந்த வீடு சில நேரம் எனக்குச் சலிப்பைத் தந்தது. எல்லா வீட்டிலும் காலை அப்படி விடிவதில்லை. தொலைக்காட்சியில் முயன்றும் அவரால் வெல்ல முடியவில்லை. குரலை மட்டும் கேட்டு அவரவர் மனதில் கட்டிய மேசையைக் கமராவால் காட்ட முடியாது போலும். கிறிஸ்மஸ் காலத்தில் கேயையும் மூன்று மகன்களையும் வானொலிக்கு அழைத்து வருவது வழக்கம். நேயர்களுக்கு அந்தப் பிள்ளைகள் தங்கள் கண்முன்னே வளர்ந்த பிள்ளைகள் போலத்தான்.

இன்னொரு பகுதியும் இருந்தது. மருத்துவமனைகளிலும் பராமரிப்பு இல்லங்களிலும் யாரும் தேடி வராமல் கிடப்பவர்களுக்குக் கடிதம் எழுதுங்கள் என்று நேயர்களைக் கேட்பார். வெயில் தூறல் என்ற பொருளில் அதற்குப் பெயர் வைத்திருந்தார். முன்பின் தெரியாதவர்களுக்கு முன்பின் தெரியாதவர்கள் எழுதினார்கள். முதியோர் இல்லத்தில் வேலை செய்த எனக்கு, கடிதம் வராத மேசை எப்படி இருக்கும் என்று தெரியும்.

1968 டிசம்பர் 27 அன்று கடைசி ஒலிபரப்பு நடந்தது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அதே மனிதர், அதே காலை. அதன்பின் பெரும்பாலும் ஒதுங்கியே வாழ்ந்து, 1996 மே மாதத்தில் 88 வயதில் இறந்தார்.

நான் வேலையை விடுவதற்கு முந்திய குளிர்காலத்தில், அந்தப் பதிவுகளில் ஒன்றைக் கைபேசியில் அந்த அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். நடை இசை வந்தபோது விரல்கள் தாளம் போட்டன. மௌனம் வந்தபோது விரல்கள் நின்றன, தலை குனிந்தது. நானும் குனிந்துகொண்டேன். அடுப்பில் கஞ்சி அடிப்பிடிக்கும் மணம் வந்த பிறகுதான் எழும்பி ஓடினேன்.