தெருவைத் திறந்த சொல்
திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனார் வாழ்வும் வாதமும்

நம் ஊர்ப் பெயரைச் சொன்ன அளவிலேயே அப்பரும் சம்பந்தரும் சுந்தரரும் நெஞ்சில் எழுவர். அம்மூவருள் அப்பரடிகள், குலத்தால் கடையர் என்று ஊர் ஒதுக்கிய ஒருவரும் சிவனுக்கு அன்பராயின் அவரையே தாம் கடவுளாக வணங்குவதாகப் பாடினார். ஏழாம் நூற்றாண்டில் பிறந்த அப்பாட்டு, கோயில்தோறும் ஓதப்பட்டு வந்தது. ஆயினும் அப்பாட்டு யாரைப் பற்றியதோ அவர் அக்கோயிலின் வாயிலை மட்டுமன்று, கோயில் இருந்த தெருவையும் மிதிக்க இயலாத நிலை பன்னூறு ஆண்டுகள் நீடித்தது. கவிஞனின் சொல் உண்மையை உரைத்தது, தெருவைத் திறக்கவில்லை. தெருவைத் திறப்பதற்கு வேறொரு வகைச் சொல் வேண்டியிருந்தது. அச்சொல்லைச் சட்டமன்றத்தில் வைத்தவர் இரட்டைமலை சீனிவாசனார்.

செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளம் என்னும் சிற்றூரில் 1859ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் அவர் பிறந்தார். இரட்டைமலை என்பது தந்தையார் பெயர். கோவையில் கல்வி பயின்ற காலத்தில், உடன் பயின்ற ஏறத்தாழ நானூறு மாணவருள் பத்துப் பேர் நீங்கலாக ஏனையோர் அந்தணர் என்று அவர் பின்னாளில் எழுதினார். தம் குலம் வெளிப்பட்டுவிடுமோ என்னும் அச்சத்தால் எவரோடும் நெருங்கிப் பழகமாட்டார். பள்ளிக்கு வெளியே புத்தகத்துடன் அமர்ந்திருந்து, மணி அடித்த பின்னரே வகுப்புக்குள் நுழைவார். வகுப்பு முடிந்ததும், பின்தொடர்ந்து வருவார் இல்லாதபடி விரைந்து வீடு சேர்வார். பிற்காலத்தில் பேரவைகளில் எழுந்து பேசிய அந்நாவுக்கு இளமையில் வாய்த்த பயிற்சி மௌனமே என்பது எண்ணத்தக்கது.

நீலகிரியில் கணக்கர் பணியாற்றிய பின் 1890இல் சென்னை வந்தார். அடுத்த ஆண்டிலேயே பறையர் மகாசன சபையை நிறுவினார். 1893 அக்டோபரில் ஓர் இதழ் தொடங்கினார். எந்தப் பெயரை வெளியிட அஞ்சி இளமையில் ஒதுங்கியிருந்தாரோ அந்தப் பெயரையே இதழின் முகப்பில் பொறித்தார். ‘பறையன்’ என்பதே இதழின் பெயர். அவருடைய தங்கையை மணந்தவரான அயோத்திதாசப் பண்டிதர் அப்பெயரை ஏற்றாரல்லர். அது பிறர் சுமத்திய இழிபெயர் என்றும், தம் மக்கள் பூர்வ பௌத்தர் என்றும் வாதிட்டார். சீனிவாசனாரோ, வசையாக வீசப்பட்ட சொல்லை உரியவனே உரத்துச் சொல்லிவிட்டால் வீசியவன் கையில் ஆயுதம் இராது என்று கருதினார். ஒரே நோய்க்கு இரு மருத்துவர் கண்ட இரு மருந்துகள் இவை. சொல்லின் ஆற்றலை அறிந்த கவிஞர்கள் இவ்விரு நெறிகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும்.

அதே 1893 டிசம்பரில், ஆட்சிப் பணித் தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்ற காங்கிரசின் கோரிக்கையை மறுத்துச் சென்னையில் கூட்டம் கூட்டினார். அப்பதவிகள் மேற்குலத்தார் கையில் சேர்ந்தால் தம் மக்கள் மேலும் நசுங்குவர் என்பது அவர் வாதம். 3412 பேர் கையொப்பமிட்ட, 112 அடி நீளமுள்ள விண்ணப்பம் இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்குச் சென்றது. அந்நிலைப்பாட்டை ஏற்பவரும் மறுப்பவரும் இன்றும் உளர். ஆனால் பேச உரிமையற்றவர் எனக் கருதப்பட்டோர், தம் பெயரில் தாமே பேசத் தொடங்கிய நாள்களுள் அதுவும் ஒன்று என்பதை எவரும் மறுக்கவியலாது.

1900இல் இங்கிலாந்து செல்லும் நோக்குடன் கப்பலேறியவர் ஆப்பிரிக்காவில் தங்க நேர்ந்தது. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிந்தார். ஒருவன் துயரத்தை, நீதிபதி ஏற்கத்தக்க வாசகமாக மாற்றித் தருவதே அப்பணி. உணர்ச்சி மிகுந்தால் பொருள் சிதையும். ஒரு சொல் பிறழ்ந்தால் வழக்கு மாறும். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அயல்நாட்டில் கழித்துத் தாயகம் திரும்பிய அவர், 1923இல் சென்னைச் சட்டமன்ற உறுப்பினரானார்.

அடுத்து வந்த 1924ஆம் ஆண்டு, தெருவுரிமை வரலாற்றில் தனியிடம் பெற்றது. நம் பள்ளத்தாக்கின் மேற்கே நிற்கும் மலைகளுக்கு அப்பால், திருவிதாங்கூர் சமஸ்தானத்து வைக்கத்தில், கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் நடக்கும் உரிமைக்காக மார்ச்சு 30ஆம் நாள் அறப்போர் தொடங்கியது. தந்தை பெரியார் அங்குச் சென்று இருமுறை சிறைப்பட்டார். மலைக்கு இப்பால், நம் பகுதி மதுரை மாவட்டமாகச் சென்னை மாகாணத்துள் அடங்கியிருந்தது. அம்மாகாணத்தின் சட்டமன்றத்தில் அவ்வாண்டு ஆகஸ்டில் சீனிவாசனார் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்.

அத்தீர்மானத்தின் சாரம் மிக எளிது. எந்த ஊரிலும் நகரிலும் உள்ள பொதுச் சாலை, தெரு, பாதை ஆகியவற்றில் எவ்வகுப்பினர் நடந்து செல்வதற்கும் அரசுக்கு ஆட்சேபம் இல்லை. பொது அலுவலகம், கிணறு, குளம், மக்கள் கூடும் பொதுவிடம், பொதுக் காரியங்கள் நடைபெறும் கட்டடம் ஆகியவற்றைச் சாதி இந்துக்கள் எந்த அளவில், எந்த நிபந்தனைகளுடன் பயன்படுத்துகின்றனரோ அவ்வாறே ஒடுக்கப்பட்டோரும் பயன்படுத்தலாம். இவ்வளவே.

இவ்வாசகத்தின் வன்மை எங்கே உள்ளது? அதில் கண்ணீர் இல்லை, சாபம் இல்லை, கருணை வேண்டும் குரலும் இல்லை. புதிதாக ஓர் உரிமையைத் தாருங்கள் என்று அது கேட்கவில்லை. பொது என்ற ஒரு சொல்லை எடுத்து, அச்சொல்லுக்குரிய பொருளை அரசே ஒப்புக்கொள்ள வேண்டும் என்று மட்டுமே கேட்டது. மறுப்பவர், பொதுச் சாலை பொதுவன்று என்று மன்றத்தில் எழுந்து சொல்ல வேண்டியிருக்கும். எதிரி நிற்பதற்கு இடமில்லாதபடி வாதத்தின் களத்தை முதலிலேயே வகுத்துக்கொள்வது நாவன்மையின் உயர்ந்த நிலை. தீர்மானம் ஏற்கப்பட்டது, செப்டம்பரில் அரசாணை பிறந்தது. அதே காலத்தில் மலைக்கப்பால் நேர்ந்ததை ஒப்பிட்டால் அதன் அருமை புலப்படும். திருவிதாங்கூர்ச் சட்டமன்றத்தில் 1925 பிப்ரவரியில் வந்த தெருவுரிமைத் தீர்மானம், 21க்கு 22 என்னும் ஒரே வாக்கு வேறுபாட்டில் தோற்றது.

1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு ஒடுக்கப்பட்டோரின் பேராளராகச் சென்ற இருவருள் ஒருவர் அண்ணல் அம்பேத்கர், மற்றவர் சீனிவாசனார். முன்னவர்க்கு வயது 39, பின்னவர்க்கு 71. இருவரும் கூட்டாக அரசியற் பாதுகாப்புக் கோரிக்கைகளை வரைந்தளித்தனர். அங்கு மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் அவரிடம் தீண்டாமை என்பது யாது என்று வினவியதாகவும், தெருவில் ஒருவன் விழுந்து கிடந்தாலும் மேற்சாதியான் அவனைத் தூக்கிவிடமாட்டான் என்று அவர் விளக்கியதாகவும், மன்னர் திடுக்கிட்டதாகவும் சொல்லப்படுகிறது. நூற்றாண்டுகளின் கொடுமையை விழுந்து கிடக்கும் ஒரு மனிதனாகக் கண்முன் நிறுத்திய விடை அது. 1932இன் பூனா உடன்படிக்கையிலும் அவர் கையொப்பம் உண்டு.

உரிமைப் பேச்சு என்றவுடன் 1963இல் வாஷிங்டனில் இலட்சக்கணக்கானோர் முன் மார்ட்டின் லூதர் கிங் ஆற்றிய உரையே உலகின் நினைவுக்கு வரும். அது கடல் போன்ற கூட்டத்தை நோக்கிய, இசையோடு பொருந்திய முழக்கம். சீனிவாசனார் பேசியதோ, சிலநூறு செவிகளும் எட்டாத ஒரு மன்றத்தில். முன்னது நெஞ்சங்களை அசைத்துச் சட்டத்துக்கு வழி கோலியது. பின்னது சட்டத்தின் மொழியிலேயே பேசி ஆணையைப் பெற்றது. இரண்டும் நாவன்மையே.

ஆணை பிறந்த அன்றே ஊர்த்தெருக்கள் திறந்துவிடவில்லை என்பதும் வரலாறு. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் ஒடுக்கப்பட்டோர் நுழைவதற்கு 1939 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டிலேயே தம் வாழ்க்கையைச் சுருக்கமாக எழுதி வெளியிட்ட சீனிவாசனார், 1945 செப்டம்பர் 18ஆம் நாள் மறைந்தார். விடுதலையை அவர் காணவில்லை. அரசியலமைப்புச் சட்டத்தையும் காணவில்லை.

அச்சட்டத்தின் 15ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். கிணறு, குளம், படித்துறை, சாலை, மக்கள் கூடும் பொதுவிடம் என்று அது எண்ணிச் செல்லும் வரிசை, 1924இன் தீர்மானத்தைப் படித்தவர்க்குப் புதிதாகத் தோன்றாது. நம் வட்டம் பத்தாண்டுகளாகச் சொல்லைப் போற்றி வருகிறது. சொல்லழகைப் போற்றும் நாம், கிணறு, குளம், சாலை என்னும் அணியற்ற இச்சொற்களையும் ஒருமுறை நிதானமாகப் படித்துப் பார்த்தல் வேண்டும். அவற்றுள் ஒவ்வொன்றின் பின்னும், மணி அடிக்கும்வரை பள்ளிக்கு வெளியே காத்திருந்த ஒரு மாணவனின் வாழ்நாள் உழைப்பு இருக்கிறது.