நகரத்தந்தை ஜோர்ஜோ லா பீரா: ஒரு மேயரை எதைக் கொண்டு அளப்பது?

ஒரு மாநகரத்தின் மேயர் எப்படிப்பட்டவர் என்று கேட்டால், நாம் சாலையைப் பார்க்கிறோம். குப்பை அள்ளப்படுகிறதா, குடிநீர் வருகிறதா என்று பார்க்கிறோம். பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அதே நகரத்தில் வாடகை கொடுக்க முடியாமல் பெட்டி படுக்கையோடு தெருவில் நிற்பவரும், வேலை பறிபோனவரும் அந்த மேயரை எப்படி மதிப்பிடுகிறார்கள் என்று கேட்டுப் பார்க்கிறோமா? இக்கேள்வியை நமக்கு முன் வைப்பவர், இத்தாலியின் பிளாரன்ஸ் நகர மேயராக இருந்த ஜோர்ஜோ லா பீரா.

இவர் 1904-ஆம் ஆண்டு சனவரி 9-ஆம் நாள் சிசிலித் தீவின் பொத்ஸாலோ என்ற கடலோர ஊரில் எளிய குடும்பத்தில் பிறந்தார். இளமையில் கணக்கியல் படித்தார். பின்னர் சட்டம் பயின்று, 1926-இல் பிளாரன்ஸ் வந்து, அங்குள்ள பல்கலைக்கழகத்தில் உரோமைச் சட்டத்தின் பேராசிரியரானார். திருமணம் செய்துகொள்ளவில்லை. குருவாகவும் இல்லை; பொதுநிலையினராகவே வாழ்ந்தார். தொமினிக்கன் துறவியரின் புனித மாற்கு இல்லத்தில் சிறிய அறை ஒன்றில் பல ஆண்டுகள் தங்கியிருந்தார். 1934-இல் புனித ப்ரோகொலோ ஆலயத்தில் ஏழைகளுக்கான ஞாயிறு திருப்பலியைத் தொடங்கினார். நற்கருணை விருந்துக்குப் பின் அங்கே ரொட்டியும் பகிரப்பட்டது. அவருடைய அரசியல் அந்த ஆலயத்தில்தான் தொடங்கியது என்று சொன்னால் மிகையாகாது.

பாசிச ஆட்சியை அவர் எதிர்த்தார். 1939-இல் அவர் தொடங்கிய இதழை அரசு தடை செய்தது. போருக்குப் பின், 1946-இல் இத்தாலியின் அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, புதிய அரசியல் சட்டத்தை வகுத்தவர்களுள் ஒருவரானார். 1951-இல் பிளாரன்ஸ் மேயரானார்.

அப்போது நகரம் காயங்களோடு இருந்தது. 1944 ஆகஸ்டில், பின்வாங்கிய ஜெர்மானியப் படைகள் பழைய பாலம் ஒன்றைத் தவிர மற்ற எல்லாப் பாலங்களையும் தகர்த்திருந்தன. வீடுகள் போதவில்லை. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லும் ஆணைகள் குவிந்தன. லா பீரா முதலில் காலியாகக் கிடந்த மாளிகைகளின் உரிமையாளர்களிடம், அவற்றை இக்குடும்பங்களுக்குத் தற்காலிகமாக வாடகைக்குத் தருமாறு கேட்டார். கதவுகள் திறக்கவில்லை. சட்டப் பேராசிரியரான அவர், கடும் பொதுத் தேவை எழும்போது தனியார் உடைமையைப் பயன்படுத்த அதிகாரிக்கு இடம் தந்த 1865-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றை எடுத்தார். அந்த வீடுகளைக் கையகப்படுத்தி ஏழைகளைக் குடியமர்த்தினார். அதோடு நிற்கவில்லை. நகரின் மேற்குப் பகுதியில் இசொலொத்தோ என்ற புதிய குடியிருப்பு எழுந்தது. 1954 நவம்பர் 6 அன்று ஏறக்குறைய ஆயிரம் குடும்பங்களின் கையில் வீட்டுச் சாவிகள் தரப்பட்டன.

1953-இல் இன்னொரு சோதனை வந்தது. பிஞ்ஞோனே என்ற பெரிய தொழிற்சாலையை மூட அதன் உரிமையாளர்கள் முடிவு செய்தனர். சுமார் 1,700 தொழிலாளர்களின் பிழைப்பு கேள்விக்குறியானது. அவர்கள் ஆலையை விட்டு வெளியேற மறுத்து உள்ளேயே தங்கினர். மேயர் உள்ளே சென்று அவர்களோடு திருப்பலியில் பங்கேற்றார். தம் நண்பர்களான அமைச்சர்களை விடாமல் வற்புறுத்தினார். முடிவில், 1954 தொடக்கத்தில், என்ரிக்கோ மத்தேயி தலைமையிலிருந்த அரசு எரிவாயு, எண்ணெய் நிறுவனம் அந்த ஆலையை ஏற்றுக்கொண்டது.

இவற்றை எல்லாரும் பாராட்டவில்லை. மாநகராட்சிக் கணக்கில் பற்றாக்குறை பெருகியது என்றனர். சொத்துரிமையை மீறுகிறார் என்றனர். மாஸ்கோ, பெய்ஜிங் உள்ளிட்ட தலைநகரங்களின் மேயர்களை 1955-இல் அமைதிக்காகப் பிளாரன்ஸில் கூட்டியபோது, கனவு காண்பவர் என்று எள்ளி நகையாடினர். இத்தாலியக் கத்தோலிக்க அரசியலின் முன்னோடியான அருள்பணி லூயிஜி ஸ்துர்சோவே, எல்லாவற்றையும் அரசின் கையில் கொடுக்கும் போக்கு இது என்று 1954-இல் வெளிப்படையாக எச்சரித்தார். 1956 தேர்தலில் லா பீராவுக்கு மக்கள் வாக்குகள் குவிந்தும், அவையில் பெரும்பான்மை கிட்டவில்லை. 1957-இல் பதவி விலகினார். 1961-இல் மீண்டும் மேயராகி 1965 வரை பணியாற்றினார்.

இந்தக் குறைகூறல்களை நாம் ஒதுக்கிவிட முடியாது. கடன் என்பது நாளைய பிள்ளைகள் சுமக்கும் சுமை. அரசே எல்லாம் செய்தால் அயலானுக்கு உதவும் பொறுப்பு நம் கையை விட்டு நழுவிவிடும் என்ற அருள்பணி ஸ்துர்சோவின் கவலையும் நியாயமானதே. ஆனால் இந்த வழக்கில் அரசு முதலில் வரவில்லை. முதலில் வந்தது ஒரு வேண்டுகோள். மூடிக் கிடந்த அந்த மாளிகைகளின் சொந்தக்காரர்களில், ஞாயிறு தவறாமல் திருப்பலிக்குச் செல்பவர்கள் இல்லாமலா இருந்திருப்பார்கள்? அன்புக் கட்டளையால் நடக்க வேண்டியது நடக்காதபோதுதான் சட்டம் தேவைப்பட்டது. ஆகவே லா பீராவின் ஆட்சியை மதிப்பிடுகிறவர்கள், அந்நகரத்தின் கிறிஸ்தவர்களையும் சேர்த்தே மதிப்பிட வேண்டியிருக்கிறது.

அவரிடம் இன்னோர் அளவுகோலும் உண்டு. பிறரைத் தியாகம் செய்யச் சொன்னவர், தாம் எதையும் சேர்த்து வைத்துக்கொள்ளவில்லை. சம்பளம் ஏழைகளுக்குப் போயிற்று. பதவி போனபின்பும் அதே எளிய வாழ்வு, அதே ஏழைகளின் திருப்பலி. 1977 நவம்பர் 5 அன்று இறைவனடி சேர்ந்தார். 2018 சூலை 5 அன்று திருத்தந்தை பிரான்சிஸ், அவருடைய வீரத்துவமான நற்பண்புகளை ஏற்று, அவரை வணக்கத்திற்குரியவராக அறிவிக்க ஒப்புதல் அளித்தார். திரு அவை அவருடைய வரவு செலவுக் கணக்கைத் தணிக்கை செய்து இந்தத் தீர்ப்பைத் தரவில்லை. அந்தக் கணக்கை எந்த நெஞ்சோடு எழுதினார் என்பதையே பார்த்தது.

அன்பார்ந்தவர்களே, மத்தேயு நற்செய்தி 25-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் காட்டும் இறுதித் தீர்ப்பு ஆள்பவர்களுக்கு மட்டும் உரியதன்று. நம் தலைவர்களைக் குறை சொல்வது எளிது. கேள்வி கேட்பது நம் கடமையும்கூட. அப்படிக் கேட்கும்போது, நம் தெரு சீரானதா என்பதோடு நிறுத்தாமல், நம் நகரில் மிகக் கடைசியில் நிற்பவருக்கு ஓர் இடம் கிடைத்ததா என்றும் கேட்போம். பிறகு, நம்மிடம் மூடிக் கிடக்கும் கதவு எது என்பதையும் ஆண்டவர் திருமுன் சிந்திப்போம்.