நயினியப்ப பிள்ளை

பிரெஞ்சுக் கம்பெனியார் புதுச்சேரியில் வாணிகம் நடத்திய காலத்தில் அந்நகரில் பெருஞ்செல்வராய் விளங்கியவர் நயினியப்ப பிள்ளை. சென்னையிலிருந்து இளமையில் வந்து குடியேறிய இவர், தம் முயற்சியால் பெரும்பொருள் ஈட்டினார். 1708ஆம் ஆண்டில் ஆளுநர் எபேர் இவரைக் கம்பெனியின் தலைமைத் துபாசியாக அமர்த்தினார். பிரெஞ்சுக்காரருக்கும் நெசவாளர், வணிகர் ஆகியோருக்கும் இடையே நின்று, மொழியையும் கொடுக்கல் வாங்கலையும் இணைப்பது துபாசியின் கடமையாகும்.

உயர்ந்த பதவி பகையையும் உடன் கொணர்ந்தது. அப்பதவி கிறித்தவர் ஒருவருக்கே உரியதாதல் வேண்டும் என்று சேசு சபைத் துறவியர் வற்புறுத்தி வந்தனர். 1716ஆம் ஆண்டில், முன்பு தம்மை உயர்த்திய எபேரின் ஆணையாலேயே நயினியப்பர் சிறைப்பட்டார். கொடுங்கோன்மை புரிந்தார், கலகம் மூட்டினார் என்பன அவர்மேல் சுமத்தப்பட்ட குற்றங்கள். கடைத்தெருவில் ஐம்பது கசையடி, மூன்றாண்டுச் சிறை, 8,888 வராகன் தண்டம் என்று தீர்ப்பாயிற்று. சொத்து முழுவதும் பறிமுதலாயிற்று. 1717ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவர் சிறையிலேயே உயிர் நீத்தார்.

தந்தை தம் மக்களுக்கு விட்டுச் செல்ல ஒன்றும் இல்லை. உடைமையே பறிபோனபின் மரண சாசனம் எழுதுவதால் யாது பயன்? எனினும் அவர் மைந்தர் மனம் தளரவில்லை. தந்தையின் பெயர்மேல் படிந்த பழியைத் துடைக்க வேண்டுமென்று பிரான்சு நாட்டு அரசவைக்கு முறையீடுகள் அனுப்பினர். சேன் மாலோ நகர வணிகரும் அவர்களுக்குத் துணை நின்றனர். வழக்கை ஆராய்ந்த அரசவை, பழைய தீர்ப்பைத் தள்ளி, இறந்தவரைக் குற்றமற்றவர் எனக் கண்டது. பறித்த பொருள் வாரிசுகளுக்கு உரியதாயிற்று.

மூத்த மகன் குருவப்ப பிள்ளை கடல் கடந்து பாரிசுக்குச் சென்றார். அங்குக் கிறித்தவம் தழுவி, செவாலியே விருது பெற்று மீண்டார். 1722ஆம் ஆண்டில் தந்தை வகித்த பதவியையே ஏற்றார்; 1724ஆம் ஆண்டில் மறைந்தார். புகழ்பெற்ற நாட்குறிப்பை எழுதிய ஆனந்தரங்க பிள்ளையும் இக்குடும்பத்தின் உறவினரே.

சென்னையில் வாழ்ந்த பச்சையப்ப முதலியார் 1794ஆம் ஆண்டில் எழுதி வைத்த மரண சாசனமும் நெடுங்காலம் வழக்கில் சிக்கியது. 1832ஆம் ஆண்டில் நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னரே, அவர் விட்டுச் சென்ற அறப்பொருள் சீர்பெற்று, 1842ஆம் ஆண்டில் பள்ளியாக மலர்ந்தது. தேடிய பொருளை அடுத்த தலைமுறைக்குச் சேர்ப்பது எழுதி வைத்த ஏடு மட்டுமன்று. அவ்வேட்டைக் காக்கும் நீதியும், அந்நீதியை அயராது நாடும் மக்களுமே ஆவர். நயினியப்பர் வரலாறு உணர்த்தும் உண்மை இதுவே.