பாதியில் விட்டவர்

ஹென்றி லீ ஹிக்கின்சன் 1834-இல் பிறந்த அமெரிக்கர். கண் கோளாறால் ஹார்வர்டு படிப்பைப் பாதியிலேயே விட்டார். வியன்னாவில் பியானோ கத்துக்கப் போனார். கையில் வலி வந்து அதுவும் நின்னு போச்சு. உள்நாட்டுப் போரில் குதிரைப்படை அதிகாரி. 1863-இல் ஆல்டியில் படுகாயம். அதே டிசம்பரில் ஐடா அகாசிஸைக் கைப்பிடித்தார், சாகும்வரை பிரியவில்லை.

1868-இல் அப்பா இருந்த வங்கியில் சேர்ந்தார். பிடிக்காத வேலைதான், ஆனா காசு சேர்ந்துச்சு. தன்னால் வாசிக்க முடியாத இசையை ஊரே கேட்கட்டும்னு 1881-இல் போஸ்டன் சிம்பொனி இசைக்குழுவைத் தொடங்கினார். டிக்கெட் மலிவு, வருஷாவருஷம் விழுந்த துண்டைக் கைக்காசில் கட்டினார்.

1890-இல், தான் பாதியில் விட்ட ஹார்வர்டுக்கே விளையாட்டு மைதானம் கொடுத்தார். அதற்குத் தன் பேரை வைக்கல. போரில் நின்ற, மறைந்துபோன 6 நண்பர்களின் நினைவாக 'சோல்ஜர்ஸ் ஃபீல்ட்' என்று வைத்தார். 1919-இல் மறைந்தார். மாணவர்கள் இன்னும் அங்கே விளையாடுறாங்க.