பந்துவீச்சாளர் பல்வாங்கர் பாலு

மாலை வேளையில் நம் திருவிடந்தைக் கடற்கரையில் பிள்ளைகள் தென்னை மட்டையைச் செதுக்கி வைத்துக்கொண்டு கிரிக்கெட் ஆடுவதைக் காண்கிறோம். மட்டை பிடிக்கத்தான் அவர்களுக்குள் போட்டி. பந்து வீச எவரும் எளிதில் முன்வருவதில்லை. பந்து வீசியே பெரும்புகழ் எய்திய ஒருவரின் வாழ்க்கையை நம் இளைஞர் அறிதல் வேண்டும்.

பல்வாங்கர் பாலு 1876-ஆம் ஆண்டு தார்வாரில் பிறந்தார். தோல் தொழில் புரியும் ஒடுக்கப்பட்ட குலம். தந்தையார் படையில் பணிபுரிந்தவர். பூனாவில் வளர்ந்த பாலு, பார்சியர் சங்கத்தில் மாதம் 3 ரூபாய்க்கு ஆடுகளம் பெருக்கினார். பின்னர் ஐரோப்பியர் சங்கத்தில் 4 ரூபாய். வலை கட்டுதல், உருளை இழுத்துத் தரையைச் சமன் செய்தல், துரைமார் பழகுவதற்குப் பந்து வீசுதல் ஆகியன அவர் வேலை. கிரெய்க் என்னும் துரை, தம்மை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறைக்கும் எட்டணா கொடுப்பார் என்பர். மட்டையை மட்டும் பாலுவின் கையில் எவரும் கொடுத்ததில்லை. இடக்கையால் மெதுவாக வீசிப் பந்தைச் சுழலச் செய்யும் கலை இவ்வாறு கூலிவேலையிலேயே அவருக்குக் கைவந்தது.

அக்கலை பூனா இந்து அணிக்குத் தேவைப்பட்டது. களத்தில் அவர் தொட்ட பந்தை உயர்சாதியார் தொட்டனர். களத்துக்கு வெளியே அவருக்கு மண் குவளையில் தேநீர், உணவும் தனியே. பந்துக்குத் தீட்டில்லை, குவளைக்கு உண்டு போலும்!

பின்னர் பம்பாய் சென்றார். 1906-இல் இந்து அணி ஐரோப்பியரை 109 ஓட்டங்களில் வென்றபோது அவ்வணியில் பாலு இருந்தார். 1911-இல் பாட்டியாலா மன்னர் தலைமையில் இங்கிலாந்து சென்று 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஆயினும் அணித்தலைமை அவருக்கு ஒருபோதும் அளிக்கப்படவில்லை. 1920-இல் அவரை அணியிலிருந்தே நீக்கினர். தகுதியிருந்தும் தம்பி விட்டலுக்குத் தலைமை மறுக்கப்பட்டது. விட்டலும் மற்றொரு தம்பி சிவராமும் ஆட மறுத்து விலகினர். பணிந்து கேட்டுப் பெறாததை விலகி நின்று பெற்றனர் என்றே நாம் கருதுகிறோம்: இறுதி ஆட்டத்தில் பாலு துணைத்தலைவரானார், 1923-இல் விட்டல் அணித்தலைவரானார்.

அரசியலில் பாலு சென்ற வழி நமக்கு உடன்பாடன்று. அதை மறைத்தலும் முறையன்று. 1932-இல் தனித்தொகுதிக் கோரிக்கையை எதிர்த்து, நம் செங்கற்பட்டுச் சீமையின் எம்.சி. ராஜாவோடு நின்றார். 1937 தேர்தலில், தம்மை ஒருகாலத்தில் போற்றிய அம்பேத்கரையே காங்கிரஸ் வேட்பாளராக எதிர்த்தார். அண்ணலுக்கு 13,245 வாக்குகள், பாலுவுக்கு 11,225.

1955 ஜூலை 4 அன்று பம்பாயில் பாலு காலமானார். முதல்தர ஆட்டங்களில் அவர் வீழ்த்திய விக்கெட்டுகள் 179.