நஞ்சையே மருந்தாக்கிய லூயி பாஸ்ரர்

1831ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். பிரான்ஸ் தேசத்தின் கிழக்கே, ஜூரா மலைப்பகுதியிலுள்ள ஆர்புவா என்னும் சிற்றூர்ப் பக்கமாக விசர் பிடித்த ஓநாயொன்று வந்து, எதிர்ப்பட்டோரைக் கடித்துக் குதறியது. கடியுண்டவர்களைக் கொல்லன் பட்டறைக்குக் கொண்டு சென்று, பழுக்கக் காய்ச்சிய இரும்பினால் காயங்களைச் சுட்டார்கள். அந்நாளில் அதுவன்றி வேறு வைத்தியம் இருக்கவில்லை. சுட்டும் பலர் மாண்டனர். அந்தக் கொடுமையைக் கண்ட எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் அதைத் தன் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. அவனே லூயி பாஸ்ரர்.

1822ஆம் ஆண்டு மார்கழி 27ஆம் திகதி, நத்தார்த் திருநாளுக்கு மறுநாளின் மறுநாள், டோல் என்னும் ஊரில் அவர் பிறந்தார். தந்தை நெப்போலியனின் சேனையில் பணிபுரிந்தவர். பின்னர் தோல் பதனிடும் தொழில் செய்து குடும்பத்தைக் காத்தவர். சிறுவயதில் லூயி படிப்பைவிடப் படம் வரைவதிலேயே பெயர் பெற்றிருந்தான். எனினும் பெற்றோரின் உழைப்பும் அவனுடைய விடாமுயற்சியும் அவனைப் பாரிஸ் நகரின் உயர்கல்விக்கூடம் வரை கொண்டு சென்றன.

பாஸ்ரர் வைத்தியரல்லர், இரசாயனவியல் கற்றவர். பழரசம் புளிப்பதற்கும் பால் கெடுவதற்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களே காரணம் என்று நிறுவினார். அளவாகச் சூடேற்றி அவற்றை அழிக்கும் முறை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. பட்டுப்புழுக்களை அழித்த நோய்களை ஆராய்ந்து பட்டுத் தொழிலைக் காப்பாற்றினார். 1881ஆம் ஆண்டில் ஆடுமாடுகளைக் கொன்றுவந்த அடைப்பான் நோய்க்குத் தடுப்பூசி போட்டு, ஊரார் முன்னிலையில் வெற்றி கண்டார்.

இவற்றுக்கிடையே அவருடைய இல்லத்தில் சிலுவைகளுக்குக் குறைவிருக்கவில்லை. ஐந்து பிள்ளைகளில் மூவர் சிறுவயதிலேயே இறந்தனர். அவர்களுள் இருவரைக் கொண்டுபோனது நெருப்புக் காய்ச்சல். 1868இல், தமது 45ஆவது வயதில், பாரிசவாதம் அவருடைய இடப்பக்கத்தைத் தாக்கியது. அதன்பின் வாழ்நாள் முழுவதும் காலை இழுத்து இழுத்தே ஆய்வுகூடத்துக்கு நடந்தார். பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன் என்பதை நாம் மனதிற் கொண்டால்தான் இனி வருவது விளங்கும்.

1880ஆம் ஆண்டளவில் அவர் விசர்நாய்க்கடி நோயை ஆராயத் தொடங்கினார். அதன் கிருமியை அக்கால உருப்பெருக்கிக் கண்ணாடியில் காண முடியவில்லை. ஆனால் அது நரம்புகளிலும் மூளையிலும் குடிகொள்வதை அவர் கண்டார். நோயால் இறந்த முயலின் முள்ளந்தண்டு நரம்பைப் போத்தலுக்குள் தொங்கவிட்டு உலர்த்தினால், நாளுக்கு நாள் நஞ்சின் வீரியம் குறைந்தது. நன்கு உலர்ந்ததை முதலிலும், பிறகு படிப்படியாக வீரியம் கூடியதையும் ஏற்றினால் உடல் எதிர்த்து நிற்கப் பழகும் என்பது அவர் எண்ணம். கடித்த இடத்திலிருந்து நஞ்சு மூளையை அடையப் பல நாட்கள், பெரும்பாலும் வாரங்கள், செல்லும். அதற்குமுன் உடலை ஆயத்தப்படுத்திவிட்டால் கடியுண்டவன் பிழைப்பான்.

1885ஆம் ஆண்டு ஆடி 6ஆம் திகதி, அல்சாஸ் பகுதியிலிருந்து ஒரு தாய் தன் ஒன்பது வயது மகன் யோசேப்பு மைஸ்ரரை அழைத்துக்கொண்டு பாஸ்ரரிடம் வந்தாள். இரண்டு நாட்களுக்கு முன் விசர்நாய் கடித்து, அவனுடைய உடலில் பதினான்கு காயங்கள். பாஸ்ரர் திகைத்தார். அதுவரை மனிதரில் அம்முறை நிரூபிக்கப்படவில்லை. ஊசி போட்டுப் பையன் இறந்தால் கொலைப்பழி. போடாமல் இறந்தாலோ மனச்சாட்சியின் பழி. வைத்தியர்கள் இருவர் பையனைப் பார்த்து, அவன் பிழைப்பது அரிது என்றார்கள். அதன்பின்பே அவர் துணிந்தார். வைத்தியர் கிராஞ்சே ஊசி ஏற்றினார். பத்து நாட்களில் பதின்மூன்று ஊசிகள். ஊசிகளின் வீரியம் கூடக்கூடப் பாஸ்ரரின் நித்திரை குறைந்தது. சிறுவன் பிழைத்தான்.

இங்கே ஒன்றை மறைக்காமற் சொல்லவேண்டும். பாஸ்ரரின் ஆய்வுக் குறிப்பேடுகள் 1970களில் அறிஞர் பார்வைக்கு வந்தன. மைஸ்ரருக்குக் கையாண்ட அதே முறையை நாய்களிற் சோதிக்கும் வேலை அப்போது முடிவடைந்திருக்கவில்லை என்பதை அவை காட்டின. அவர் வெளியிற் சொன்னதைவிட அவர் எடுத்த ஆபத்துப் பெரிது. மாமனிதரும் மனிதரே.

அவ்வாண்டு கார்த்திகை மாதம் மற்றொரு சோதனை வந்தது. லூயிஸ் பெல்ற்றியே என்ற பத்து வயதுச் சிறுமியைப் பெற்றோர் கொண்டுவந்தனர். நாய் தலையிற் கடித்து 37 நாட்கள் கழிந்துவிட்டன. காலம் கடந்துவிட்டது என்பது பாஸ்ரருக்குத் தெரியும். இவள் இறந்தால் எதிரிகள் தூற்றுவர். மற்ற நோயாளர் அஞ்சி வராது விடுவர் என்பதும் தெரியும். ஆயினும் அழுதுநின்ற பெற்றோரைத் திருப்பி அனுப்ப அவரால் இயலவில்லை. சிகிச்சை பலிக்கவில்லை, மார்கழியில் சிறுமி இறந்தாள். எதிரிகள் தூற்றவே செய்தனர். தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டு ஒன்றைத் தேடிப் போன ஆயனை அறிந்த நமக்கு, இத்தோல்வி அவருடைய வெற்றிகளிலும் பெரிதாகத் தோன்றுகின்றது.

அடுத்த ஆண்டு, ஓநாய் கடித்த ரஷ்யர் 19 பேர் பாரிஸ் வந்தனர்; 16 பேர் உயிருடன் திரும்பினர். பல நாட்டவரும் நன்கொடை வழங்க, 1888ஆம் ஆண்டு கார்த்திகை 14ஆம் திகதி பாஸ்ரர் நிலையம் திறக்கப்பட்டது. நமக்கு அயலே, நீலகிரியிலுள்ள குன்னூரிலும் 1907இல் அவர் பெயரால் ஒரு நிலையம் எழுந்தது. யோசேப்பு மைஸ்ரர் வளர்ந்தபின் பாரிஸ் நிலையத்திலேயே காவற்பணி செய்தார்.

1895ஆம் ஆண்டு புரட்டாதி 28ஆம் திகதி பாஸ்ரர் கண்மூடினார். ஒரு கை மனைவியின் கையில். மறு கையில் பாடுபட்ட சுரூபம். புகைவண்டியில் செபமாலை சொல்லி ஒரு மாணவனை அவர் நாணச் செய்ததாக வழங்கும் கதைக்கு உறுதியான ஆதாரம் இல்லை. அக்கதை இல்லாமலே அவருடைய வாழ்வு நமக்குப் போதும். நோத்ர் டாம் பேராலயத்தில் இறுதிப் பூசை நடந்தது. நிலையத்தின் நிலவறையில் அமைந்த அவருடைய கல்லறைக்கு மேலே, விசுவாசம், நம்பிக்கை, அன்பு ஆகியவற்றுடன் அறிவியலையும் குறிக்கும் நான்கு சம்மனசுக்கள் சித்திரிக்கப்பட்டுள்ளனர்.

அவர் இறந்த நாளே இன்று உலக விசர்நாய்க்கடி நோய்த் தடுப்பு நாளாகும். தொப்புளைச் சுற்றி ஊசி போட்ட காலம் நம் மூத்தோருக்கு நினைவிருக்கும். இப்போது அந்த வேதனை இல்லை. சில ஊசிகள், பெரும்பாலும் புயத்தில். நாய் கடித்தால் மஞ்சளோ சுண்ணாம்போ பூசாது, சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். நோய் தோன்றியபின் மருந்து அனேகமாகப் பலிப்பதில்லை.

பிள்ளைகளோடு வெளிநாடு செல்லும் குடும்பங்கள் சில வளர்த்த நாயையும் கூட்டிச்செல்ல விரும்புகின்றன. இலங்கையிலிருந்து ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குக் கொண்டுசெல்வதாயின் நாயின் தோலின்கீழ் அடையாளச் சில்லு வைத்து, அதன்பின் தடுப்பூசி போட்டு, முப்பது நாட்களாவது கழித்து இரத்தம் சோதித்து, இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். இதைத் தொல்லை என்று சலிப்போர் அந்தக் கொல்லன் பட்டறையை ஒருகணம் நினைப்பார்களாக. ஊரை விட்டுப் போகாத நாய்க்கும் ஆண்டுதோறும் ஊசி போடுவிப்போம். அது நம் பிள்ளைகளுக்கும் அயலவரின் பிள்ளைகளுக்கும் நாம் செய்யும் அன்புப் பணி.