சாமானியரின் கதைஞர் புதுமைப்பித்தன்

பொதிகையில் தோன்றிப் பாபநாசத்தில் இறங்கி, அம்பாசமுத்திரம், சேரன்மாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் எனப் பல ஊர்களின் வயல்களை நனைத்துப் புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் தாமிரபரணி, நெல்லை விளைவித்ததுபோலவே சொல்லையும் விளைவித்த ஆறாகும். அவ்வாற்றங்கரைக்கு உரியவராய் வளர்ந்து, தமிழ்ச் சிறுகதைக்குத் தனி மதிப்புத் தேடித் தந்தவர் சொ. விருத்தாசலம் என்னும் புதுமைப்பித்தன். இலக்கியமும் நாடகமும் மக்களுக்கு நீதி புகட்ட வேண்டுமா, புகட்டுமாயின் அதனை எவ்வாறு செய்யும் என்னும் வினா தமிழ் பயில்வோரிடையே ஆண்டுதோறும் எழுவதை நாம் அறிவோம். அவ்வினாவுக்குத் தம் வாழ்வையே விடையாக வைத்துச் சென்றவர் அவர். ஆகவே அவர் வரலாற்றை இம்மலரில் நினைவுகூர விழைகின்றோம்.

பிறப்பும் கல்வியும்

புதுமைப்பித்தன் 25-4-1906 அன்று கடலூரை அடுத்த திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். தந்தையார் சொக்கலிங்கம் பிள்ளை அரசாங்கத்தில் தாசில்தாராகப் பணியாற்றியவர், தாயார் பர்வதம்மாள். தந்தையின் பணி மாற்றத்திற்கேற்பச் செஞ்சி, திண்டிவனம், கள்ளக்குறிச்சி முதலிய ஊர்களில் அவருடைய இளமை கழிந்தது. எட்டு வயதிலேயே தாயை இழந்தார். 1918இல் தந்தையார் ஓய்வு பெற்றுச் சொந்த ஊராகிய திருநெல்வேலிக்குத் திரும்பவே, வண்ணாரப்பேட்டையும் ஆற்றங்கரையும் அவருடைய உலகமாயின. நெல்லை இந்துக் கல்லூரியில் பயின்று 1931இல் பி.ஏ. பட்டம் பெற்றார். பாடநூல்களைக் காட்டிலும் ஆங்கிலக் கதை நூல்களிலேயே அவர் மனம் தோய்ந்தது. 1932இல் திருவனந்தபுரத்தைச் சேர்ந்த கமலா அம்மையாரை மணந்தார்.

பட்டம் பெற்ற மகன் அரசாங்க உத்தியோகத்தில் அமர்வதே அக்காலக் குடும்பங்கள் கண்ட கனவு. இவரோ எழுத்தை நம்பிச் சென்னைக்குச் சென்றார். வயிற்றுக்கு உறுதியற்ற வழி அது என்பதை அறிந்தே சென்றார் என்பதை நாம் மறத்தல் கூடாது.

சென்னையில் எழுத்துப் பணி

1933இல் தோன்றிய மணிக்கொடி இதழ் அவருக்கு உற்ற களமாயிற்று. 1934 முதல் அவருடைய கதைகள் அதில் தொடர்ந்து வெளிவந்தன. ஊழியன், தினமணி, தினசரி ஆகிய இதழ்களில் பணியாற்றினார். 1943இல் தினமணியின் ஆசிரியர் டி.எஸ். சொக்கலிங்கம் நிர்வாகத்தோடு கருத்து வேறுபட்டு விலகியபோது, மாதச் சம்பளத்தைப் பொருட்படுத்தாது உடன் விலகியோருள் இவரும் ஒருவர். அவருடைய முதற்கதைத் தொகுதி 1940இல் வெளிவந்தது. ஏறத்தாழ நூறு கதைகளும், அவற்றோடு உலகச் சிறுகதைகள் பலவற்றின் மொழிபெயர்ப்புகளும் அவர் நமக்கு விட்டுச் சென்ற செல்வமாகும்.

மேடை காட்டிய நீதி

புதுமைப்பித்தன் பிறந்த காலத்தில் தென்பாண்டி நாட்டில் நீதி புகட்டும் பணியை நாடக மேடையே மேற்கொண்டிருந்தது. அன்றைய திருநெல்வேலி மாவட்டத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) இயற்றிய சத்தியவான் சாவித்திரி, கோவலன் முதலிய நாடகங்களை எழுத்தறியா மக்களும் விடிய விடியக் கண்டு, கற்பும் வாய்மையும் வெல்லும் என்னும் நம்பிக்கையோடு வீடு திரும்பினர். அப்பணி சிறிதன்று. எனினும் அம்மேடையில் நீதியைத் தாங்கி நின்றோர் அரசரும் அரசியரும் பெருங்குடி மக்களுமே. சாமானியன் மேடைக்கு வந்தால் பெரும்பாலும் சிரிப்பு மூட்டவே வந்தான்.

அச்சாமானியனைக் கதையின் நடுவிடத்தில் அமர்த்தியவர் புதுமைப்பித்தன். ‘பொன்னகரம்’ கதையில் வரும் அம்மாளு ஓர் ஆலைத் தொழிலாளி. குதிரை வண்டி ஓட்டும் கணவன் அடிபட்டுப் படுத்திருக்கிறான். அவனுக்குப் பால் கஞ்சி வார்க்கக் கையில் காசில்லை. அக்காசுக்காக அவள் தன் மானத்தையே விலையாகக் கொடுக்க நேர்கிறது. சாவித்திரியும் கணவனைக் காக்கப் போராடினாள். அம்மாளுவும் அதற்காகவே போராடினாள். முன்னவள் வாதிட்டது எமனோடு. பின்னவளுக்கு வாய்த்த எதிரி வறுமை. எமன் வாதத்திற்குச் செவி சாய்த்தான். வறுமைக்கோ செவி இல்லை. அவளைக் குற்றவாளியாக நிறுத்த முனையும் நாம், கதை முடிகையில் நம்மையே கூண்டில் காண்கிறோம்.

வாசவன்பட்டியிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்குச் செல்லும் மருதியின் துயரைத் ‘துன்பக்கேணி’ கூறும். சென்னைத் துணிக்கடையில் உழைத்து, நோயுற்ற மனைவிக்கு இரவெல்லாம் பணிவிடை செய்யும் பிரமநாயகம் பிள்ளையைச் ‘செல்லம்மாள்’ காட்டும். இவர்களுள் எவரும் நீதி பேசுவதில்லை. துன்பத்தினிடையே ஒருவர்மேல் ஒருவர் வைத்த பரிவை மட்டும் கைவிடாதிருக்கின்றனர்.

கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்

ஐரோப்பாவில் 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் நீதி நாடகங்கள் வழங்கின. அவற்றுள் புகழ்பெற்ற ஆங்கில நாடகம் ஒன்றில், மனிதர் அனைவருக்கும் பிரதிநிதியான ஒருவனிடம் இறைவன் மரணத்தைத் தூதாக அனுப்புகிறான். நண்பரும் சுற்றமும் செல்வமும் கைவிட, அவன் செய்த நற்செயல் ஒன்றே கல்லறைவரை உடன் செல்கிறது.

1943இல் கலைமகளில் வெளிவந்த புதுமைப்பித்தனின் கதையோ இதற்கு மறுதலையானது. இங்குக் கடவுள் தூதரை அனுப்பாமல் தாமே சென்னைத் தெருவில் இறங்கித் திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார். அவரைச் சந்திக்கும் மேலகரம் கந்தசாமிப் பிள்ளை, சித்த வைத்தியப் பத்திரிகை நடத்தி அல்லலுறும் சாமானியர். அவர் அஞ்சி நடுங்கவில்லை. காபி அருந்தச் செய்து வீட்டுக்கு அழைத்துச் செல்கிறார். தம் பத்திரிகைக்குச் சந்தாதாரராகவும் சேர்த்துவிடுகிறார். மனிதரோடு மனிதராய் வாழ்ந்து பார்ப்பது தமக்கே இயலாது என்பதை உணர்ந்து கடவுள் விடைபெறுகிறார். நாள்தோறும் அரிசிக்கும் வாடகைக்கும் போராடி, அதற்கிடையே விருந்தோம்பலையும் விடாத எளியவனின் வாழ்வு எத்துணைக் கடினமானது என்பதே இந்நகைச்சுவைக்குள் பொதிந்துள்ள உண்மை என நாம் கருதுகின்றோம்.

குறையும் நிறையும்

தம் கதைகள் உலகை உய்விக்கும் என்று அவர் ஒருபோதும் சொல்லிக்கொண்டதில்லை. கதையில் உபதேசம் தேடுவோரை எள்ளி நகையாடினார். அவ்வெள்ளல் சில வேளைகளில் எல்லை கடந்ததும் உண்டு. ஒடுக்கப்பட்ட மக்களைச் சித்திரிக்கும் அவருடைய சில சொற்கள் அம்மக்களின் உள்ளத்தைப் புண்படுத்துவன என்னும் குரல் அண்மைக் காலத்தில் எழுந்தது. அக்கதைகள் பாடத்தில் இடம்பெறலாமா என்னும் விவாதமும் நிகழ்ந்தது. அக்குரலைப் புறக்கணித்தல் நேர்மையன்று. எளியோருக்காகப் பேசியவரையும் எளியோர் கேள்வி கேட்கும் உரிமை உடையர். அக்கேள்வியோடு சேர்த்து அவரைக் கற்பதே தக்கது என்பது நம் துணிபு.

இறுதி நாட்கள்

திரைப்படத்துறை அவருக்கு வளம் தரவில்லை. தாயாரின் நினைவாகப் பர்வதகுமாரி எனப் பெயரிட்டுத் தொடங்கிய பட நிறுவனம் நிலைபெறவில்லை. ‘ராஜமுக்தி’ படத்திற்கு உரையாடல் எழுதப் புனா சென்றவரைக் காசநோய் பற்றியது. பொருள் தேடிப் பிரிந்திருந்த காலங்களில் மனைவிக்கு அவர் எழுதிய கடிதங்கள் பின்னர் நூலாகியுள்ளன. உலகை எள்ளிய எழுத்தாளர் வீட்டை எண்ணி உருகிய மனிதராக அவற்றில் காணப்படுகிறார். 1948இல், மகள் தினகரி சிறு குழந்தையாயிருக்கையில், 42 வயதில் திருவனந்தபுரத்தில் காலமானார். நெல்லையைச் சேர்ந்த தொ.மு.சி. ரகுநாதன் 1951இல் அவர் வரலாற்றை எழுதி வெளியிட்டார். 2002இல் தமிழ்நாடு அரசு அவர் நூல்களை நாட்டுடைமையாக்கியது. வாழ்ந்த காலத்தில் ஒரு வேளை மருந்துக்கு அலைந்தவருக்கு இச்சிறப்பு வந்து சேர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

மாணவச் செல்வங்களே! கதையின் இறுதியில் நீதி எழுதப்பட்டிருக்கிறதா எனத் தேடாதீர். அம்மாளுவையும் மருதியையும் கண்டபின், நாளை தெருவில் எதிர்ப்படும் எளியவரை நீங்கள் எவ்வாறு நோக்குகின்றீர் என்பதிலேதான் அந்நீதி எழுதப்படும். நம்மிடையே கந்தசாமிப் பிள்ளைகள் இன்றும் கடன் கேட்க நாணி நிற்கின்றனர். எழுத்தை நம்பி வாழ்வோரும் வாடுகின்றனர். மறைந்தபின் மலர் வெளியிடுவதோடு அமையாது, வாழும் நாளிலேயே அவர்களை ஆதரிப்போமாயின், புதுமைப்பித்தனுக்கு நாம் பட்ட கடனில் ஒரு பகுதியேனும் தீரும்.